வெட்டுத் துணி மூட்டையை என்ன செய்வது?

கேள்வி: தக்கலைக்கு அருகே ஆறு தையல் இயந்திரங்களை வைத்து நைட்டியும் சுடிதாரும் தைத்துக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறேன். வாரத்துக்கு இரண்டு சாக்கு வெட்டுத் துணி சேர்கிறது. பாதியைப் பின்பக்க விளையில் போட்டு எரித்துவிடுகிறோம். பொருளைக் குப்பையாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரம் பற்றிப் பலரும் பேசுவதைக் கேட்டபின், வாடிக்கையாளர்களிடமிருந்து பழைய உடைகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: எரிப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். பாலியஸ்டர் கலந்த துணியிலிருந்து எழும் கரும்புகை உங்கள் தையல்காரர்களின் மூச்சுக்குள்தான் முதலில் போகும். விற்கக்கூடிய பருத்தியும் அதோடு சேர்ந்து சாம்பலாகிறது.

பழைய உடைகளைத் திரும்பப் பெறும் திட்டத்தை இப்போதைக்குத் தள்ளிவைப்பது நல்லது. வந்து சேரும் உடைகளைத் துவைத்து, பொத்தானும் ஜிப்பும் அகற்றி, வகை பிரித்து அடுக்க இடமும் ஆளும் வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கொட்டும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், ஈரம் ஏறிய பழந்துணி மூட்டை சில வாரங்களிலேயே பூசணம் பிடித்துவிடும். தவிரவும், சுழற்சிப் பொருளாதாரத்துக்காக இயங்கும் எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உடைகளுக்குப் பயன்படும் பொருளில் மீண்டும் புதிய உடையாக மாறுவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பெரிய நிறுவனங்களே தடுமாறும் இடத்தில் ஆறு இயந்திரங்களோடு முதல் அடியை வைக்க வேண்டியதில்லை.

உங்களுக்கான சுழற்சி வெட்டு மேசையில் தொடங்குகிறது. 100 மீட்டர் துணியில் 15 மீட்டர் துண்டுகளாகப் போகிறது என்றும், மீட்டர் விலை 80 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டால், நீங்கள் சாக்கில் கட்டுவது 1,200 ரூபாய். ஒரே அளவை மட்டும் அடுக்கி வெட்டாமல், எக்ஸ்எல் அளவையும் மீடியம் அளவையும் ஒரே விரிப்பில் கலந்து வரைந்தால், பெரிய அளவின் கைக்குழி வளைவு விடும் இடைவெளியில் சிறிய அளவின் கையோ கழுத்துப் பட்டியோ அமர்ந்துவிடும். துணி எடுக்கும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். பூக்கள் எல்லாம் ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கும் அச்சில் எந்தத் துண்டையும் தலைகீழாகத் திருப்பி வைக்க முடியாது. அதனாலேயே கழிவு கூடும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுபோலத் தெரியும் சிதறல் பூ அச்சு நைட்டிக்கு எப்போதும் சிக்கனம்.

அடுத்தது உடையின் ஆயுள். பிளவுஸின் பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலம் துணி விட்டு, பின்னால் பிரித்துக்கொள்ள வழி வைப்பது நம் தையல்காரர்களின் பழைய வழக்கம். ஆயத்த உடை வந்தபின் அந்தத் துணியை மிச்சம் பிடித்து, ஓரத்தில் நூல் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் அடித்து நறுக்கிவிட்டோம். என் கருத்தில் அது தவறான சிக்கனம். உடல் சற்றுப் பெருத்தவுடன் நல்ல சுடிதார் ஒன்று அலமாரியின் அடியில் போய்ச் சேர்கிறது. முக்கால் அங்குலமாவது விட்டுத் தையுங்கள். உள்ளங்கையளவு அதே துணியையும் ஒரு பொத்தானையும் சிறு உறையில் போட்டு உடையோடு கொடுங்கள். பழுதுபார்ப்பையும் பிரித்து விடுவதையும் குறைந்த கூலிக்குச் செய்து தருவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவையுங்கள். லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவச் சபையார் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிவைத்த லேஸ் பின்னல் வேரூன்றிய மாவட்டம் இது; நுண்ணிய கைவேலைக்கு இங்கே ஆள் கிடைப்பது அரிதன்று.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதை இழை வாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக உறையும். ரேயான் இந்தச் சோதனையில் பருத்தியைப் போலவே நடித்து ஏமாற்றும் என்பதால், இன்னொரு நூலை எடுத்து நடுவில் மட்டும் நனைத்து இரு முனையையும் இழுங்கள். நனைந்த இடத்தில் சட்டென்று அறுந்தால் ரேயான். நனைந்தபின் வலுக்கூடுவது பருத்தி. இழுத்தால் நீளும் லைக்ரா இழை கலந்த துண்டுகளைத் தனிச் சாக்கில் போடுங்கள், அவை பழந்துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும் இயந்திரத்தில் கிழியாமல் இழுபட்டுச் சிக்கும்.

பருத்தித் துண்டுகளில் சற்றுப் பெரியவற்றுக்கு உள்ளூரிலேயே தேவை உண்டு. குளச்சல், சின்னமுட்டம் பக்கம் படகு இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறைகளில் எண்ணெய் துடைக்கப் பனியன் வேஸ்ட் வாங்குவார்கள். மென்மையான பருத்தித் துண்டும் அந்த வேலைக்கு ஆகும். நீளத் துண்டுகள் மஞ்சப்பைக்குக் கைப்பிடியாகும், குறுக்கு வாட்டத்தில் வெட்டினால் கழுத்து ஓரத்தில் வைத்துத் தைக்கும் பைப்பிங் ஆகும். பர்ஸ், பொம்மை என்று கைவினைப் பொருளாக்குவதை மட்டும் வாங்க ஆள் உறுதியான பின் செய்யுங்கள். இல்லாவிட்டால் தரையில் கிடந்த கழிவு அலமாரிக்கு ஏறியதுதான் மிச்சம்.

பொடித் துண்டுகள் குட்டை இழையையும் நூலாக்கும் திருப்பூர் வட்டாரத்து ஓப்பன் எண்ட் நூற்பாலைகளுக்குப் போகலாம். துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழை குட்டையாகிவிடுவதால் அதிலிருந்து மெல்லிய நூல் வராது. தடித்த நூலாக்கிப் போர்வைக்கும் விரிப்புக்கும் பயன்படுத்துவார்கள். நிறம் பிரித்துக் கொடுத்தால் சாயம் போடாமலே நிற நூல் கிடைப்பதால், கலப்பு மூட்டையைவிட அதற்கு நல்ல விலை உண்டு. ஆனால் இங்கிருந்து திருப்பூருக்குச் சுமார் 400 கிலோமீட்டர். இரண்டு சாக்குக்காக லாரிக் கூலி கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே அடுத்த மாதம் முழுவதும் பருத்தி, ரேயான், பாலியஸ்டர், லைக்ரா என நான்கு சாக்குகளையும் வாரந்தோறும் தராசில் வைத்து எடையை ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அந்தக் கணக்கோடு தக்கலை, திங்கள்சந்தை, மார்த்தாண்டம் பகுதிகளில் உங்களைப் போலத் தைப்பவர்கள் நான்கைந்து பேரிடம் பேசி, ஒரு வண்டி நிறையும் அளவு சேருமா என்று பார்த்த பிறகு வியாபாரியிடம் விலை கேளுங்கள்.