அக்கா அனுப்பிய மூலிகை சிரப்பைக் குடிக்கலாமா?

கேள்வி: மாதவிடாய் வலிக்கு என்று அமெரிக்காவிலிருந்து அக்கா ஒரு மூலிகை சிரப் கொடுத்தனுப்பியிருக்கிறார். பிளாக் கோஹோஷ், சேஸ்ட்பெர்ரி என்று லேபிளில் போட்டிருக்கிறது. "150 வருஷப் பக்குவம், பக்கவிளைவே கிடையாது" என்கிறார். எனக்கு 32 வயது. வலியோடு ரத்தப்போக்கும் அதிகம். குடிக்கலாமா?

பதில்: 150 வருஷம் என்பது கிட்டத்தட்ட உண்மைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் ஊரில் லிடியா பிங்கம் என்பவர் வீட்டு அடுப்பில் காய்ச்சிய இதே மாதிரி மருந்து ஒன்றை 1875-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் பிளாக் கோஹோஷ், வேறு சில வேர்கள், கூடவே நம் வெந்தயம். கெடாமல் இருக்கச் சேர்த்த ஆல்கஹால் சுமார் 18 சதவீதம்! பீரிலேயே 5 சதவீதம்தான் இருக்கும். குடித்தவர்களுக்கு வலி மட்டுப்பட்டதில் அதற்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. இத்தனைக்கும் அந்த அம்மா மதுவிலக்கை ஆதரித்தவர். 1883-ல் அவர் இறந்த பிறகும் 'திருமதி பிங்கமுக்கு எழுதுங்கள்' என்று விளம்பரம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு பத்திரிகை அவர் கல்லறையின் படத்தையே போட்டுவிட்டது.

பிங்கமின் அதே பாட்டிலில் லைஃப் ரூட் என்ற செடியும் இருந்தது. கல்லீரலைக் கெடுக்கும் பொருள் அதில் இருப்பது இன்று தெரியும். பழசு என்பதற்காக நம்பிவிட முடியாது.

சரி, உங்கள் பாட்டிலுக்கு வருவோம். பிளாக் கோஹோஷை இன்று பெரும்பாலும் மெனோபாஸ் நேரத்தில் குப்பென்று வரும் உடல் சூட்டுக்குத்தான் எடுக்கிறார்கள். அரிதாகக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது. சேஸ்ட்பெர்ரி நம் நொச்சிக்கு நெருங்கிய சொந்தம். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் குறைக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் மார்பு கனத்து வலிப்பது, சிடுசிடுப்பு போன்றவற்றுக்குச் சிலருக்குப் பலன் தரும், அதுவும் இரண்டு மூன்று மாதம் விடாமல் எடுத்தால். மாதவிடாய் அன்று வரும் வயிற்றுவலிக்கு உதவாது. கருத்தடை மாத்திரையோ மனநல மருந்தோ எடுப்பவர்களும், கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்கு முயல்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

வலிக்குக் காரணம் கருப்பையை இறுக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அதைக் குறைப்பவை மெஃபனமிக் அமிலம், இபுப்ரோஃபென் மாத்திரைகள். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் கேட்காமல் போடாதீர்கள். வெந்நீர்ப் பை ஒத்தடமும் நன்றாகவே கேட்கும்.

எனக்குக் கவலை உங்கள் ரத்தப்போக்குதான். மணிக்கொரு தரம் நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ஏழு நாளைத் தாண்டுகிறதா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து சேமிப்பு) பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் எடுக்கச் சொல்வார். கருப்பையில் ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டி இருந்தால் எந்த சிரப்பும் அதைக் கரைக்காது. போகும்போது பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள். ஆல்கஹால் கலந்திருந்தால் அது பெரும்பாலும் பின்பக்கத்துப் பொடி எழுத்தில்தான் இருக்கும்.