லாஸ்லெஸ் ஆடியோ என்றால் என்ன? வீட்டிலுள்ள கேசட், சிடி, எம்பி3 எல்லாவற்றையும் ஃப்ளாக் ஆக்கிவிடலாமா?

ராயபுரத்து வீட்டில் ஒரு பெட்டி நிறைய கானா கேசட்டும் சினிமா கேசட்டும், முப்பது சொச்சம் சிடி, பென் டிரைவில் எம்பி3 என்று மூன்று வகைச் சரக்கு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். லாஸ்லெஸ் என்றால் ஒலியில் எதையும் இழக்காமல் சேமிப்பது, ஃப்ளாக் என்பது அப்படிச் சுருக்கி வைக்கும் ஒரு கோப்பு வகை. கேசட்டையும் சிடியையும் ஃப்ளாக் ஆக்குங்கள். எம்பி3ஐ அப்படியே விடுங்கள். ஏன் என்று புரிந்துவிட்டால் லாஸ்லெஸ் விஷயத்தில் முக்கால்வாசி முடிந்தது.

சிடியில் ஒலி வெறும் எண்களாகத்தான் இருக்கிறது. நொடிக்கு 44,100 முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வொன்றையும் 16 பிட் எண்ணாக, இடது வலது இரண்டுக்கும் தனித்தனியாக எழுதியிருப்பார்கள். நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி, ஐந்து நிமிடப் பாட்டுக்கு 53 எம்பி. இந்த எண்களைச் சுருக்காமல் கொட்டி வைத்தால் அது வேவ் கோப்பு.

எம்பி3 அதே பாட்டை 320 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு 320 கிலோபிட், இந்த வேகம்தான் பிட்ரேட்) 12 எம்பிக்குள்ளும், 128இல் 5 எம்பிக்குள்ளும் அடக்கிவிடும். எப்படி? பெரிய சத்தத்தின் பக்கத்தில் அமுங்கிப்போகும் சின்னச் சத்தம், உச்சத்தில் கீச்சிடும் மெல்லிய ஒலி என்று காதுக்கு எட்டாது எனத் தோன்றுவதைத் தூக்கி எறிந்துவிடும், அல்லது குத்துமதிப்பாக எழுதிக்கொள்ளும். 128இல் கானாப் பாட்டு ஒன்றைப் போட்டு ஜால்ராவை மட்டும் கவனியுங்கள். தட்டு விழுவதற்கு ஒரு கணம் முன்னாலேயே 'ஷ்' என்று ஒரு கசிவு வரும். ப்ரீ எக்கோ என்பது இதுதான். எறிந்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை. கருவாடு மீனாகாது என்று காசிமேடு பக்கத்துக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 5 எம்பி எம்பி3ஐ ஃப்ளாக் ஆக்கினால் 30 எம்பி கருவாடு கிடைக்கும், அவ்வளவுதான்.

ஃப்ளாக் எதையும் எறியாது. அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று ஊகித்து, ஊகம் எவ்வளவு தப்பியது என்பதை மட்டும் எழுதும். அலையின் எண்கள் 1000, 1012, 1024, 1035, 1045 என்று போகின்றன என்று வையுங்கள். முதல் இரண்டில் 12 ஏறியிருக்கிறது, அடுத்ததும் 12 ஏறும் என்று ஊகித்தால் 1024. சரி, பிழை 0. அதற்கடுத்து 1036 என்று ஊகிக்கும், இருப்பது 1035, பிழை -1. அடுத்த ஊகம் 1046, இருப்பது 1045, மறுபடி -1. பெரிய எண்களுக்குப் பதில் 0, -1, -1 என்று எழுத எத்தனை பிட் வேண்டும்? திறக்கும்போது அதே ஊகத்தைப் போட்டுப் பிழையைக் கூட்டினால் பழைய எண் ஒரு பிட் மாறாமல் வந்துவிடும். நிஜத்தில் ஊகிக்கும் சூத்திரம் இதைவிடக் கெட்டி, அடிப்படை இதுவே. சினிமாப் பாட்டு பொதுவாக வேவின் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இறங்கும். தனிக்குரல் இன்னும் இறங்கும். சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றி வைத்த இப்போதைய பாட்டு அவ்வளவு இறங்காது.

ஃப்ளாக் ஆக்கும் மென்பொருள் 0 முதல் 8 வரை எந்தச் சுருக்க லெவல் என்று கேட்கும்போது பலர் குழம்புகிறார்கள். லெவல் கூடினால் சுருக்க நேரம் அதிகம், கோப்பு ஒரு துளி சிறிது. ஒலியில் வித்தியாசம் கிடையாது. 5ஐ அப்படியே விட்டுவிடுங்கள்.

மற்ற பெயர்கள்: வேவ் பதிவு செய்யவும் எடிட் செய்யவும் நல்லது. ஆனால் 4 ஜிபிக்கு மேல் போகாது, பாட்டுப் பெயர், பாடியவர் பெயர் எல்லாம் அதில் ஒழுங்காக ஒட்டாது. ஃப்ளாக்கில் தமிழிலேயே எழுதி வைக்கலாம். ஏலாக் என்பது ஆப்பிள் 2004இல் கொண்டுவந்த லாஸ்லெஸ் வகை. ஐபோனின் மியூசிக் ஆப் ஃப்ளாக்கைச் சேர்த்துக்கொள்ளாது என்பதால் ஐபோன் உள்ள வீட்டுக்கு ஏலாக். ஃப்ளாக்கிலிருந்து ஏலாக்குக்கும் ஏலாக்கிலிருந்து ஃப்ளாக்குக்கும் எத்தனை முறை மாற்றினாலும் ஒன்றும் குறையாது. ஒரு எச்சரிக்கை: எம்4ஏ என்று முடியும் கோப்பில் ஏலாக்கும் இருக்கலாம், இழப்புள்ள ஏஏசியும் இருக்கலாம். பெயரைப் பார்த்து ஏமாறாமல் பிட்ரேட்டைப் பாருங்கள். 256 என்றிருந்தால் ஏஏசிதான், 700, 900 என்று போனால் ஏலாக். ஏப் என்று முடியும் மங்கீஸ் ஆடியோ என்ற இன்னொரு லாஸ்லெஸ் வகையைப் புதிதாகத் தொடங்குபவர் தொட வேண்டாம், திறக்கவே ப்ராசஸரைப் பிழியும்.

இனி சிடி. கணினியில் போட்டால் சிடிஏ என்று முடியும் கோப்புகள் தெரியும், அவற்றை இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றும் 44 பைட்தான். பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற குறிப்பு மட்டும் அதில் இருக்கும், பாட்டு இருக்காது. விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி போன்ற மென்பொருளால் 'செக்யூர்' முறையில் எடுங்கள். கீறல் விழுந்த இடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்கும். அக்யூரேட்ரிப் வசதியை முடுக்கிவிட்டால், அதே சிடியை மற்றவர்கள் எடுத்தபோது வந்த சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுச் சொல்லும். பொருந்தினால் நிம்மதி. பொருந்தவில்லை என்றால் டிஸ்க்கை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து மறுபடி போடுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள்.

பர்மா பஜார் பக்கம் ஒரு காலத்தில் வாங்கிய '150 பாட்டு' டிஸ்க்குகள் இந்தக் கணக்கில் வராது. ஆடியோ சிடியில் 80 நிமிடத்துக்கு மேல் அடங்காது, 150 பாட்டு என்றாலே அது எம்பி3. எம்பி3யிலிருந்து எரித்த ஆடியோ சிடியும், இணையத்தில் சுற்றும் போலி ஃப்ளாக்கும் இன்னும் தந்திரம். ஸ்பெக் என்ற சின்ன இலவச மென்பொருளில் கோப்பைப் போடுங்கள், ஒலி எந்த அலைவெண் வரை இருக்கிறது என்ற படம் வரும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் அறுத்ததுபோல் நேர்கோடாக நின்றால் பெரும்பாலும் 128 எம்பி3யின் கைவரிசை. 320 என்றால் 20 பக்கம் அறுபடும், கண்டுபிடிப்பது கஷ்டம். 1960களின் பதிவில் மேல்பகுதி இயல்பாகவே மங்கித்தான் இருக்கும், அதைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். போலியில் வெட்டு கூர்மையாக இருக்கும்.

கேசட்தான் நிஜமான வேலை. உள்ளூரில் பதிவான கானாக் கேசட் என்றால் வேறு பிரதி கிடைக்காமலே போகலாம், அதனால் முதலில் கை வைக்க வேண்டியதும் அதில்தான். கடலோர ஈரத்தில் டேப்பின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை படரும். கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பூஞ்சை இருந்தால் பிளேயரில் போடாதீர்கள், பிளேயரில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தாவும். அதைத் தனியாக எடுத்துவைத்து, டேப் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டி, திருப்பிச் சுற்றிவிட்டுப் பிறகு பதியுங்கள், ஒட்டிக்கொண்ட சுற்றுகள் இளகும். பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டையும், டேப்பை நகர்த்தும் ரப்பர் உருளையையும் ஐசோபுரோப்பில் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், குச்சியில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை.

பிளேயரின் லைன் அவுட்டிலிருந்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸின் (ஒலியை எண்ணாக்கிக் கணினிக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) லைன் இன்னுக்கு வயர் கொடுங்கள். லேப்டாப்பின் மைக் துளையில் செருகினால் பெரும்பாலும் மோனோவாகும், சத்தமும் உடையும். விண்டோஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்டை அணையுங்கள், இல்லையென்றால் இரைச்சலைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பாட்டின் ஓரத்தையும் தின்றுவிடும். ஆடாசிட்டி என்ற இலவசப் பதிவு மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஸ்டீரியோ என்று வையுங்கள். பாட்டின் அதிகபட்சச் சத்தம் -6 டெசிபலைத் தொடுமளவுக்கு லெவல் வையுங்கள். உச்ச வரம்பான 0வை முட்டினால் அலையின் தலை சீவப்பட்டுவிடும், பிறகு எந்த ஃபார்மட்டும் காப்பாற்றாது. 60 நிமிடக் கேசட் வேவாகச் சுமார் 1 ஜிபி வரும். ஃப்ளாக் ஆக்கினால் சிடி அளவுக்கு இறங்கவில்லையே என்று பதற வேண்டாம்: டேப்பின் 'உஸ்' இரைச்சலுக்கு முன்பின் தொடர்பே கிடையாது, ஊகிக்க முடியாததைச் சுருக்கவும் முடியாது. இரைச்சல் நீக்கும் வேலையைத் தனிப் பிரதியில் செய்யுங்கள், மூலப் பதிவை அப்படியே இரண்டு வேறு வேறு டிஸ்க்கில் வையுங்கள். ஒவ்வொரு ஃப்ளாக் கோப்பும் மூல ஒலியின் எம்டி5 கைரேகையைத் தனக்குள் வைத்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளில் எல்லாக் கோப்புகளையும் தேர்ந்து 'வெரிஃபை இன்டக்ரிட்டி' கொடுத்தால் எது கெட்டிருக்கிறது என்று காட்டிவிடும்.

கேட்கும்போது வித்தியாசம் தெரியுமா? எது எதுவென்று சொல்லாமல் மாற்றிப் போட்டால், நன்றாகச் செய்த 320 எம்பி3யிலிருந்து பிரித்தறிய முடியாதவர்கள்தான் மிகுதி. வழக்கமான ப்ளூடூத் ஹெட்செட்டில் எப்படியும் வழியிலேயே மறுபடி சுருங்கித்தான் போகிறது. நாளைக்கு என்ன ஃபார்மட் வந்தாலும் அதற்கு முழு மூலத்திலிருந்து பிரதி எடுக்கலாம் என்பதற்காகத்தான் ஃப்ளாக். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிய எண் போட்டு விற்பதற்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

ஆடி மாதக் கூழுக்கு மைக்செட்காரரிடம் பாட்டு கொடுப்பதாக இருந்தால் ஃப்ளாக்கைக் கொடுக்காதீர்கள், பல ஆம்ப்ளிஃபயர்களின் யூஎஸ்பி பிளேயர் அதைப் படிக்காது. பென் டிரைவை ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்து, ஃப்ளாக்கிலிருந்து 320 எம்பி3 எடுத்துப் போட்டு, கோப்புப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் கொடுங்கள். தமிழ்ப் பெயர் அந்தச் சின்னத் திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும், எண்ணைச் சொல்லித்தான் பாட்டுப் போடச் சொல்ல வேண்டியிருக்கும்.