எதிலே எழுதலாம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: யோவான் தமது இரண்டாம் நிருபத்தில் 'காகிதத்தினாலும் மையினாலும்' எழுத மனதில்லை என்கிறார். அந்தக் காலத்தில் காகிதம் இருந்ததா?
(வாசகர், மாங்குளம்)

பதில்: நாம் கொப்பியாகக் கட்டும் காகிதம் அங்கே இருக்கவில்லை. கிரேக்க மூலத்தில் உள்ள 'கார்த்தேஸ்' என்ற சொல் பப்பிரஸ் தாளைக் குறிக்கும். நைல் நதிக்கரைப் பப்பிரஸ் எங்கள் குளக்கரைக் கோரையின் இனம்தான். தண்டின் பச்சைத் தோலைச் சீவிவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைச் சோற்றை மெல்லிய கீலங்களாக வெட்டுவார்கள். ஒரு வரிசையை நெடுக்கிலும் அதன்மேல் இன்னொன்றைக் குறுக்கிலும் அடுக்கி அழுத்தினால், தண்டின் சாறே பசையாகிப் பிடித்துக்கொள்ளும். நார்க்கூழில் செய்யும் காகிதம் சீனத்தார் வேலை. அது மேற்கே போய்ச் சேரப் பல நூற்றாண்டுகள் ஆயின. மொழிபெயர்த்தவர்கள் வாசிப்பவருக்கு உடனே விளங்கும் சொல்லை வைத்தார்கள். அதைப் பிழை என்று சொல்ல மாட்டோம்.

கேள்வி: கண்காட்சிக்காக ஏட்டுச்சுவடி செய்கிறோம். பனையோலையில் எழுதினால் ஓலை கிழிகிறது. கிழியாத இடத்தில் எழுத்துத் தெரியவில்லை. என்ன பிழை?
(தரம் 10 மாணவர்கள், ஒட்டுசுட்டான்)

பதில்: உங்கள் கையில் பிழை இருக்காது. ஓலையைப் பதப்படுத்தாமல் எழுதியிருப்பீர்கள். குருத்தோலை காயும்போது சுருங்கிவிடும், காவோலை தொட்டாலே வெடிக்கும். வடலியில் விரிந்து முற்றாத சார்வோலையை எடுங்கள். ஈர்க்கை நீக்கி, இரண்டு நுனியையும் வெட்டிவிட்டு, நடுப்பகுதியை மட்டும் 3 சென்ரிமீற்றர் அகலம், 20 சென்ரிமீற்றர் நீளத்துக்கு நறுக்குங்கள். ஒரு பானைத் தண்ணீரில் ஒரு கரண்டி மஞ்சள்தூள் போட்டு அரை மணி நேரம் அவியவிடுங்கள். மஞ்சள் பூச்சி அரிப்பதைக் குறைக்கும். பிறகு நிழலில்தான் காயவேண்டும். வெயிலில் போட்டால் சுருண்டுவிடும், பிறகு எந்தப் பாரம் வைத்தாலும் நிமிராது. ஈரம் போனதும் இரண்டு பலகைக்கு நடுவே வைத்து மேலே கல்லேற்றி ஒரு கிழமை விடுங்கள். கடைசியாகச் சங்கின் முதுகாலோ வழுவழுப்பான கூழாங்கல்லாலோ இரண்டு பக்கமும் தேயுங்கள். இந்தத் தேய்ப்பைத் தவிர்த்தால் பின்னால் மை பூசும்போது ஓலை முழுவதும் கறுத்துப்போகும்.

எழுத்தாணி கிடைக்காவிட்டால் சாக்குத் தைக்கும் கோணி ஊசி போதும். ஆனால் அதன் கூரைச் சாணைக்கல்லில் கொஞ்சம் மழுங்கவைக்க வேண்டும். பெருவிரல் நகத்தின்மேல் இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சரி, நகத்தைக் கீறினால் ஓலையையும் கிழிக்கும். ஓலையை மேசையில் வைக்காமல் இடது கையில் பிடியுங்கள். ஆணியின் நுனி இடது பெருவிரலில் ஊன்றி நிற்க, எழுத எழுத ஓலையைத்தான் நகர்த்த வேண்டும். மேல்தோல் மட்டும் கீறுப்பட்டால் போதும். மறுபக்கத்தில் தடம் தெரிந்தால் அழுத்தம் கூடிவிட்டது.

நார் ஓலையின் நெடுக்கே ஓடுகிறது. நீங்கள் எழுதும் வரியும் நெடுக்கே ஓடுகிறது. ஆகவே ட, ப, ம போன்ற எழுத்துகளின் அடிக்கோட்டை நேராக இழுத்தால் அது நாரோடு சேர்ந்து பிளந்துவிடும். அந்தக் கோட்டை மெல்லியதாக, சற்று வளைத்து இழுங்கள். புள்ளியைக் குத்தினால் துளைதான் விழும். பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லாததற்குச் சொல்லப்படும் காரணமும் இதுவே. அந்தப் புள்ளி இல்லாததால் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடு தெரியாமல் கிடந்ததை வீரமாமுனிவர் (1680–1747) வேறு வடிவம் கொடுத்துத் தீர்த்தார். நீங்கள் புள்ளி வைக்க விரும்பினால் சிறு சுழியாக வையுங்கள்.

எழுதி முடிந்ததும் ஓலை வெறுமையாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். விளக்குப் புகைக்கரியில் சில துளி நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து, துணியால் ஓலை முழுக்கப் பூசுங்கள். உடனே குரக்கன் மாவைத் தூவித் துடையுங்கள். மேற்பரப்பின் கரியை மா எடுத்துக்கொள்ளும், கீறலுக்குள் இறங்கிய கரி நிற்கும். அந்தக் கணத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பி வருவதைக் கண்காட்சியில் பார்க்க வருபவர்களுக்கு முன்னாலேயே செய்து காட்டுங்கள். நூல் கோக்கும் துளையைச் சூடாக்கிய கம்பியால் போட வேண்டும். குளிர்ந்த கம்பியால் குத்தினால் அங்கிருந்தே வெடிப்புத் தொடங்கும்.

கேள்வி: வேதாகமத்தில் எழுத்துப் பதிந்த ஆகவும் விசித்திரமான பொருள் எது?
(வாசகி, நெடுங்கேணி)

பதில்: போட்டி கடுமை. எசேக்கியேல் ஒரு செங்கல்லில் எருசலேம் நகரத்தை வரைகிறார், பிறகு கோல்களில் எழுதுகிறார். குதிரைகளின் மணிகளில் எழுத்திருக்கும் என்கிறது சகரியா 14:20. ஆனாலும் எங்கள் தெரிவு எண்ணாகமம் 5:23. அங்கே சாப வார்த்தைகளை எழுதி, அந்த எழுத்தைக் கசப்பான தண்ணீரில் கழுவிக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கழுவினால் போகிற மை என்றால் அது கரியும் பிசினும் கலந்ததாக இருக்க வேண்டும். இரும்புச் சத்து மை அப்படி எளிதில் கழுவுப்படாது.

கேள்வி: தேவாலயச் சுவரில் எழுதிய வசனம் ஒரு மாரி முடிவதற்குள் உரிந்துவிடுகிறது. மோசே சாந்து பூசிய கற்களில் எழுதச் சொன்னாரே, அது எப்படி நின்றது?
(வாசகர், புதுக்குடியிருப்பு)

பதில்: உபாகமம் 27 சொல்வது பெரிய கற்களுக்குச் சாந்து பூசி அதன்மேல் எழுதும் முறை. யோர்தானில் தெய்ர் அல்லா என்ற இடத்தில் 1967இல், சாந்துச் சுவரில் கறுப்பும் சிவப்புமான மையால் எழுதிய ஒரு வாசகம் அகழ்ந்தெடுக்கப்பட்டது. வயது ஏறத்தாழ 2800 ஆண்டுகள். எண்ணாகமத்தில் வரும் பேயோரின் குமாரன் பிலேயாமின் பெயர் அதில் இருக்கிறது. ஆனால் கிடைத்தது துண்டு துண்டாகத்தான். சாந்து நின்றால்தான் எழுத்து நிற்கும்.

உங்கள் சுவரில் சிக்கல் ஈரமும் உப்பும். ஓரடிச் சதுரப் பொலித்தீனை நான்கு பக்கமும் ரேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர்த்துளி கட்டியிருந்தால் இப்போது எழுத வேண்டாம். வெள்ளையாகப் பூத்த உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்புக் கரைந்து திரும்பவும் உள்ளே போகும். புதிய சீமெந்துப் பூச்சு என்றால் 28 நாள் பொறுத்து, சீமெந்தின் காரத்தைத் தாங்கும் பிறைமர் பூசிய பிறகே எழுதுங்கள். நிலத்திலிருந்து மூன்றடிக்குக் கீழே எழுதாதீர்கள், ஈரம் ஏறும் பகுதி அது.

வெளிச்சுவர் என்றால் மேலே ஒரு சிறிய சீமெந்துத் தட்டு வையுங்கள். வவுனியா பெரியபுளியங்குளத்துக் குகைகளில் பாறை விளிம்பைப் புருவம்போல் வெட்டி, மழைநீர் உள்ளே வழியாமல் செய்திருக்கிறார்கள். கிறிஸ்துவுக்கு முந்திய பிராமி எழுத்துகள், விசாகன் என்ற தமிழ் வணிகனின் பெயரோடு, அப்படித்தான் தப்பியிருக்கின்றன.

கேள்வி: ஏடு தொடக்கும்போது பிள்ளை அரிசியில் எழுதிய 'அ' உடனே மூடிக்கொள்கிறது. என்ன செய்வது?
(வாசகி, ஓமந்தை)

பதில்: அரிசி கூடிவிட்டது. இரண்டு மூன்று மணி உயரத்துக்குப் பரப்பினால் போதும், விரல் போன பாதையில் தட்டின் அடி தெரியும். பச்சையரிசிக்கு வெள்ளித் தட்டைவிடப் பித்தளைத் தட்டு எழுத்தை நன்றாகக் காட்டும். பிள்ளையின் விரலை ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அரிசி ஒட்டிக்கொண்டு வரும்.