பழைய வீட்டுக்கே திரும்பும் வாசல்

வணக்கம் ஐயா,

கட்டைகளை அடுக்கி வீடு கட்டி விளையாடும் மைன்கிராஃப்ட் ஆட்டத்தில் வழி தவறி அலைந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்தேன். என் பதினோரு வயது மகனோடு நானும் ஓராண்டாக விளையாடி வருகிறேன். கணினியில், ஜாவா பதிப்பு.

எங்கள் முதல் வீடு ஆற்றங்கரையில் இருக்கிறது. அங்குள்ள நெதர் போர்ட்டலின், அதாவது நெதர் என்னும் நெருப்பு உலகுக்குப் போகும் வாசலின், இடம் ஆட்டத்தின் வரைபடக் கணக்கில் எக்ஸ் 240, இசட் -160. போன மாதம் மலையடிவாரத்தில் பெரிய வீடு கட்டி, எக்ஸ் 340, இசட் -100 என்ற இடத்தில் புதிய போர்ட்டல் வைத்தோம். அதில் நுழைந்தால் நெதரில் எங்கள் பழைய போர்ட்டலில்தான் போய் நிற்கிறோம். அங்கிருந்து திரும்பினால் ஆற்றங்கரை வீடு. மலைவீட்டில் புகுந்து ஆற்றங்கரையில் வெளியே வந்து, ஒவ்வொரு முறையும் வீடுவரை நடக்கிறோம். ஆற்றங்கரைப் போர்ட்டலை உடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். மகன் சம்மதிக்கவில்லை. முதல் நாள் இரவு நாங்கள் இருவரும் ஒளிந்துகொண்ட வீடு அது.

போதாக்குறைக்கு நேற்று காஸ்ட் என்னும் நெருப்புக் குண்டு துப்பும் பறக்கும் பூதம் ஒன்று நெதரில் இருக்கும் போர்ட்டலைச் சுட்டு அணைத்துவிட்டது. திரும்ப வழியில்லாமல் அலைந்த மகன் லாவாவில் விழுந்து, வைரப் பிக்காசு உட்பட எல்லாவற்றையும் இழந்தான். போர்ட்டல் சட்டம் செய்யும் அப்சிடியன் கல்லை எந்த வெடியும் அசைக்காது என்றுதானே சொல்கிறார்கள்? பிறகு இது எப்படி நடந்தது?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், உங்கள் மகன் சொல்வதுதான் சரி. ஆற்றங்கரைப் போர்ட்டலை உடைக்க வேண்டாம்.

போர்ட்டல்களை நாம் ஜோடி ஜோடியாக நினைத்துக்கொள்கிறோம். இந்த வாசலுக்கு அந்த வாசல் என்று ஆட்டம் எங்கோ எழுதிவைத்திருக்கும் என்று நம்புகிறோம். அப்படி ஒரு பதிவேடே கிடையாது. நீங்கள் ஊதாத் திரைக்குள் நான்கு விநாடி நிற்கும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் புதிதாகக் கணக்குப் போட்டு, புதிதாகத் தேடுகிறது. நேற்று எங்கே அனுப்பியது என்பது அதற்கு நினைவில்லை. இது பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் நான்காம் வகுப்புக் கணக்குதான்.

நெதரில் ஒரு பிளாக், அதாவது ஒரு கட்டை அளவு, நடந்தால் மேலே, நம் வீடுகள் இருக்கும் உலகில், எட்டு பிளாக் நடந்ததற்குச் சமம். ஆகவே மேலிருந்து இறங்கும்போது எக்ஸையும் இசட்டையும் எட்டால் வகுக்கிறது. உங்கள் மலைவீட்டை வகுத்தால் 42.5, -12.5. அந்தப் புள்ளியை நடுவாக வைத்து, நாற்புறமும் 16 பிளாக்குக்குள் ஏற்கெனவே ஒரு போர்ட்டல் எரிகிறதா என்று பார்க்கிறது. உங்கள் பழைய நெதர் போர்ட்டல் 30, -20 என்ற இடத்தில் இருக்க வேண்டும். வித்தியாசம் ஒரு பக்கம் பன்னிரண்டு சொச்சம், இன்னொரு பக்கம் ஏழு சொச்சம். பதினாறுக்குள் அடங்கிவிடுகிறது. பக்கத்தில் ஒன்று தயாராக எரியும்போது புதிதாகக் கட்டுவானேன் என்று உங்களை அங்கேயே இறக்கிவிடுகிறது.

திரும்பும்போது எட்டால் பெருக்குகிறது. 30 என்பது 240, -20 என்பது -160. மேலே 128 பிளாக்குக்குள் தேடினால் அதே புள்ளியில் ஆற்றங்கரைப் போர்ட்டல் நிற்கிறது. மலைவீட்டுப் போர்ட்டலும் அந்த வட்டாரத்துக்குள்தான் இருக்கிறது. ஆனால் அருகில் இருப்பதுதானே முந்தும்? ஆற்றங்கரைப் போர்ட்டலை உடைத்தால் ஆட்டம் வேறு வழியில்லாமல் மலைவீட்டுப் போர்ட்டலைப் பிடித்துக்கொள்ளும். அந்த வகையில் உங்களுக்குச் சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை; இரண்டு வீடும் வேண்டும் என்பவர்களுக்குத்தான் அது உதவாது.

உங்களுக்கு வேண்டியது நெதரில் இரண்டாவது போர்ட்டல். அதை ஆட்டம் கட்டித் தராது, நீங்களே கட்ட வேண்டும். பத்து அப்சிடியன் போதும். நான்கு மூலைகளையும் வைத்தால் பதினான்கு ஆகும். மூலைகள் அழகுக்கு மட்டுமே. பழைய வழியாக நெதருக்குள் போய், எஃப்3 பொத்தானை அழுத்தி, திரையில் வரும் எண்களைப் பார்த்தபடி எக்ஸ் 42, இசட் -13 வரை நடந்துபோய் அங்கே சட்டத்தை நிறுத்தி, சிக்கிமுக்கியால் பற்றவையுங்கள். இனி மலைவீட்டிலிருந்து இறங்கினால் இதுதான் மிக அருகில் இருக்கும். இதிலிருந்து ஏறினால் 336, -104 என்று கணக்கு வரும். மலைவீட்டு வாசல் அதற்கு எக்ஸிலும் இசட்டிலும் நான்கு நான்கு பிளாக் தள்ளித்தான். ஆற்றங்கரை வாசலுக்கு அதன் பழைய துணை அப்படியே இருக்கும்.

அரை பிளாக், ஒரு பிளாக் பிசகினால் குடி முழுகிவிடாது. கழித்தல் குறியை மறந்தால்தான் முழுகும். நான் ஒருமுறை அப்படி மறந்து, எங்கோ எதிர்த்திசையில் அருமையான ஒரு போர்ட்டல் கட்டினேன். அது இன்னும் அங்கே எரிந்துகொண்டிருக்கிறது. எங்கே போகிறது என்று பார்க்க மனம் வரவில்லை.

பலரும் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. உயரத்தை, அதாவது ஒய் எண்ணை, ஆட்டம் வகுப்பதில்லை, அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அருகில் எது என்று அளக்கும்போது உயரத்தையும் சேர்த்தே அளக்கிறது. மலைவீட்டு வாசல் ஒய் 70இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாவாவுக்குப் பயந்து நெதரின் உச்சியில், ஒய் 110இல், புதிய போர்ட்டலைக் கட்டுகிறீர்கள். எக்ஸும் இசட்டும் துல்லியமாகவே இருக்கும். ஆனால் 70க்கும் 110க்கும் நடுவே நாற்பது பிளாக் இடைவெளி. ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும் பழைய போர்ட்டலோ பதினான்கு பதினைந்து பிளாக் தூரத்தில்தான் இருக்கிறது. மறுபடி ஆற்றங்கரைதான்! கணக்கு சரி, வாசல் தப்பு என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பாதிப் பேர் உயரத்தைப் பார்க்காதவர்கள். முடிந்தவரை மேலே இருக்கும் உயரத்திலேயே கீழேயும் கட்டுங்கள்.

பழைய காணொளிகளில் நெதரிலும் 128 பிளாக் தேடும் என்று சொல்வார்கள். ஜாவாவில் அது மாறிவிட்டது. கைபேசியில் ஓடும் பெட்ராக் பதிப்பில் இன்னும் அப்படித்தான். மகனின் நண்பர்கள் கைபேசியில் விளையாடினால் அவர்களுக்கு இந்தக் குழப்பம் கூடுதலாகவே வரும். மருந்து ஒன்றுதான்.

இனி காஸ்ட். அப்சிடியனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். வெடியைத் தாங்கும் திறனில் பாறையை வெட்டினால் கிடைக்கும் சாதாரண உடைகல்லுக்கு ஆறு மதிப்பெண் என்றால் அப்சிடியனுக்கு 1200. டிஎன்டி வெடியைக் குவித்து வைத்து வெடித்தாலும் சட்டத்துக்குக் கீறல் விழாது. ஆனால் போர்ட்டல் என்பது சட்டம் இல்லை, சட்டத்துக்குள் இருக்கும் ஊதாத் திரை. அதன் மதிப்பெண் பூஜ்யம். ஒரு வெடி அருகில் வெடித்தால் போதும், திரை முழுவதும் அணைந்துவிடும். இரும்பு நிலைவாசலில் காகிதக் கதவு மாட்டியது போல.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். லாவாக் கடலுக்கு மேலே ஒரு விளிம்பில் போர்ட்டல் வைத்துவிட்டு, குவார்ட்ஸ் பொறுக்கிக்கொண்டு திரும்பும்போது அந்தக் குரல் கேட்டது. காஸ்டின் குரல், விளையாட்டுக்கு இசையமைத்தவர் வளர்த்த பூனையின் குரலிலிருந்து செய்யப்பட்டது. தெரிந்த பிறகும் எனக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. நெருப்புக் குண்டு என்னை நோக்கி வந்தது, விலகினேன், எனக்குப் பின்னால் இருந்த போர்ட்டலில் பட்டது. புகை விலகியபோது சட்டம் மட்டும் கண்ணாடி போன ஜன்னலாக நின்றது. சிக்கிமுக்கி வீட்டுப் பெட்டியில் இருந்தது. நெதரில் சரளையைத் தோண்டினால் சிக்கிமுக்கிக் கல் கிடைக்கும்; சேர்த்துச் செய்ய என்னிடம் இரும்பு இல்லை.

அணைத்தவனையே ஏற்ற வைப்பது என்று முடிவு செய்தேன். காஸ்டின் குண்டு வெடித்த இடத்தில் சில சமயம் தீ பற்றும். அந்தத் தீ சட்டத்துக்குள் பற்றினால் போர்ட்டல் உயிர்பெறும். வெற்றுச் சட்டத்துக்குள் போய் நின்றேன். குண்டு கிளம்பும்வரை அசையாமல் இருந்து, நெருங்கியதும் பக்கவாட்டில் பாய்ந்தேன். ஐந்து குண்டுகள் தரையைத்தான் பெயர்த்தன. ஆறாவது, கீழ்க்கல்லின் மேல் விரலளவு தீயை விட்டுச் சென்றது. மறுகணம் ஊதா நிறம் சட்டத்தை நிறைத்தது. நான் நன்றி சொல்ல நிற்கவில்லை.

மீண்டும் பற்றவைத்தால் தொடர்பு மாறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். பதிவேடு இல்லாததால் அழியவும் எதுவும் இல்லை. இடம் மாறாதவரை வழியும் மாறாது.

இப்போது என் வழக்கம் இது. நெதரில் போய் இறங்கியதும் சுற்றிலும் உடைகல்லால் ஓர் அறை கட்டிவிடுகிறேன்: நான்கு சுவர், கூரை, தரை. காஸ்டின் குண்டுக்கு உடைகல் அசையாது. அங்கேயே கிடைக்கும் நெதர்ராக் என்னும் சிவப்புக் கல்லை நம்பாதீர்கள், பொரிபோல உதிரும். தரையில் அரைப் பலகைக் கற்களை, அடிப்பாதியில் அமரும்படி, பரப்பிவிட்டால் அறைக்குள் எந்த ஜந்துவும் முளைக்காது. மூலையில் ஒரு பெட்டி. அதற்குள் இரண்டு சிக்கிமுக்கி, பத்து அப்சிடியன், கொஞ்சம் ரொட்டி. இந்தப் பெட்டி ஒன்று இருந்திருந்தால் உங்கள் மகனின் பிக்காசு பிழைத்திருக்கும்.

மேலே, நெருங்கி வந்து வெடிக்கும் கிரீப்பரைத் தவிரப் பெரிய ஆபத்தில்லை, வேலி போதும். போர்ட்டலைப் படுக்கையறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். ஸாம்பிஃபைடு பிக்லின் என்னும் பன்றிமுக நெதர் ஜந்து அவ்வப்போது அந்த வழியாக வந்து நிற்கும். தானாகச் சண்டைக்கு வராது, ஆனால் தூக்கக் கலக்கத்தில் ஒன்றை அடித்தால் பக்கத்தில் இருப்பவை எல்லாம் சேர்ந்து வரும்.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். மேலே இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய 117 பிளாக். நெதரில் இரண்டு போர்ட்டல்களுக்கும் நடுவே பதினைந்துகூட இல்லை. இரண்டு அறைகளையும் ஓர் உடைகல் சுரங்கத்தால் இணைத்துவிட்டால் ஆற்றங்கரை வீடு அடுத்த தெருவுக்கு வந்துவிடும். சுரங்கத்துக்கு ஜன்னல் வேண்டும் என்று கட்டாயம் கேட்பான். கண்ணாடி வேண்டாம், ஒரு குண்டுக்குத் தாங்காது. இரும்புக் கம்பி போடச் சொல்லுங்கள்.