பெட்டியைக் கூட்டுவதா, சிக்னலை மாற்றுவதா? மெட்ரோ நெரிசல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: சென்னை மெட்ரோவில் ரயில் வந்து நின்ற பிறகும் நடைமேடையில் கொஞ்ச தூரம் காலியாகவே இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கோ உள்ளே கால் வைக்க இடமில்லை. இன்னும் இரண்டு பெட்டிகளை மாட்டிவிட்டால் என்ன? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: முதல் கட்டத்து நடைமேடைகளை ஆறு பெட்டி ரயிலுக்கு அளவெடுத்தே கட்டினார்கள். ஓடுவது நான்கு பெட்டி ரயில். நீங்கள் பார்க்கும் காலியிடம் அந்த இரண்டு பெட்டிக்கானது.

கணக்கைப் பார்ப்போம். நான்கு பெட்டி ரயிலின் கொள்ளளவு 1,276 பேர். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 12 ரயில். ஒரு திசையில் 15,312 பேர் போகலாம். அதே இடைவெளியில் ஆறு பெட்டி ஓடினால் ஏறத்தாழ 23,000. நான்கு பெட்டியையே வைத்துக்கொண்டு மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 25,500.

இரண்டாவது வழிதான் மேல் என்று தோன்றும். ஆனால் ரயில் ஒரு முழுச் சுற்று முடித்துத் திரும்ப 120 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட இடைவெளிக்கு 24 ரயில் போதும். மூன்று நிமிடத்துக்கு 40 வேண்டும். அதாவது முதல் வழியில் 48 புதுப் பெட்டிகள், இரண்டாவதில் 64. வகுத்துப் பார்த்தால், புதிதாக வாங்கும் பெட்டி ஒன்றுக்குக் கிடைக்கும் கூடுதல் இடம் இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அடிக்கடி விட்டால் பயணி காத்திருக்கும் நேரம் சராசரியாக இரண்டரை நிமிடத்திலிருந்து ஒன்றரையாகக் குறையும். ஓட்டுநர்கள் அதிகம் வேண்டும். நீளத்தைக் கூட்டினால் ஓட்டுநர் எண்ணிக்கை மாறாது. டிப்போவில் ரயில் நிறுத்தும் பாதை, அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளம், கழுவும் இடம் எல்லாம் நீள வேண்டும். எங்கள் கருத்து: மூன்று நிமிடம் வரை இடைவெளியைக் குறைப்பதே பயணிக்கு நல்லது. அதற்குக் கீழே இறங்க இறங்கச் செலவு ஏறும், பலன் சுருங்கும். அப்போது நீளம்தான் கைகொடுக்கும்.

"மாட்டிவிட்டால்" என்று கேட்டிருக்கிறீர்கள். எக்ஸ்பிரஸ் ரயிலில் கூடுதல் கோச் இணைப்பது போல இங்கே செய்ய முடியாது. மெட்ரோ ரயில் முழுவதும் ஒரே அலகு. மோட்டார் உள்ள பெட்டிக்கும் இல்லாத பெட்டிக்கும் ஒரு விகிதம் உண்டு. மோட்டார் இல்லாத பெட்டிகளை மட்டும் சேர்த்தால் வேகம் எடுப்பது மந்தமாகும். இடத்தில் கிடைத்ததை நேரத்தில் இழப்போம். பிரேக், கதவு, ரயிலின் கணினி, சிக்னல் கருவி ஒவ்வொன்றிலும் புதிய நீளத்தைப் பதிந்து சோதிக்க வேண்டும்.

டெல்லி இந்த வழியில்தான் வளர்ந்தது. 2002 டிசம்பரில் சிவப்புத் தடம் நான்கு பெட்டியோடு தொடங்கியது. நடைமேடை முதலிலேயே எட்டுப் பெட்டிக்கு இருந்ததால் ஆறு, பிறகு எட்டு என்று கூட்ட முடிந்தது.

கேள்வி: ரயில் நீளமானால் அடுத்த ரயில் வரத் தாமதமாகாதா? புது சிக்னல் போட்டால் உண்மையில் எத்தனை நொடி மிச்சம்? – பொறியியல் மாணவி, திருச்சி

பதில்: ஆகும், ஆனால் நினைப்பதைவிட மிகக் குறைவு. ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தை நொடிக்கு ஒரு மீட்டர் கூட்டும் ரயில், 88 மீட்டர் நீளம் இருந்தால் தன் வால் நடைமேடையை விட்டு நீங்க 13 நொடி எடுக்கும். 132 மீட்டர் என்றால் 16 நொடி. மூன்று நொடி கொடுத்து ஒன்றரை மடங்கு இடம் வாங்குகிறோம்.

ஆறு பெட்டி ரயிலை வைத்து முழு இடைவெளியையும் பிரித்துப் பார்க்கலாம். நிலையத்தில் நிற்பது 40 நொடி. வால் நீங்க 16. பின்னால் காத்திருக்கும் ரயில் உள்ளே வந்து நிற்க 30. ஏதாவது பிசகினால் ஈடுகட்ட 15. ஆக 100 நொடி சொச்சம். சிக்னல் கைவைப்பது மூன்றாவதில்தான். பழைய முறையில் தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். முன் ரயிலின் கடைசிச் சக்கரம் ஒரு துண்டில் இருந்தாலும் அந்தத் துண்டு முழுக்க அடைபட்டதாகவே கணக்கு. சிபிடிசி எனப்படும் புதிய முறையில் ஒவ்வொரு ரயிலும் தான் இருக்கும் இடத்தை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகிறது. பின் ரயில், முன்னதன் வாலுக்குச் சற்றுப் பின்வரை வர அனுமதி கிடைக்கிறது. சிங்கப்பூரின் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்குத் தடங்களில் 120 நொடி என்றிருந்த குறைந்தபட்ச இடைவெளியை 100 ஆக்கவே இந்த முறையைக் கொண்டுவந்தார்கள். ரயில் நீளம் அங்கே மாறவில்லை, ஆறு பெட்டிதான்.

பெரிய தொகையான அந்த 40 நொடியை எந்த சிக்னலும் தொடாது. அதோடு, கடைசி நிலையம் என்று ஒன்று இருக்கிறது. நடைமேடைக்கு முன்னால் தடம் மாறும் பாயின்ட்ஸ் இருந்தால், உள்ளே வரும் ரயிலும் வெளியே போகும் ரயிலும் ஒன்றுக்கொன்று வழிவிட வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் அதைக் கடக்கும் ரயில் 44 மீட்டர் நீண்டால் ஒவ்வொரு முறையும் ஐந்து நொடி கூடுதல். நடுவழியில் 90 நொடிக்கு ஒரு ரயில் விடும் வசதியை வைத்துக்கொண்டு, கடைசி நிலையத்தில் 120 நொடிக்கு ஒன்றைத்தான் திருப்ப முடியும் என்றால், தடம் முழுக்க 120தான். லண்டனின் விக்டோரியா தடத்தில் மணிக்கு 36 ரயில் என்ற நிலை 2017-இல் வந்தது. அதற்கு முன் 2015 ஆகஸ்டில் வால்தம்ஸ்டோ சென்ட்ரல் பக்கம் மூன்று வாரம் சேவையை நிறுத்தி, 1960-களின் பாயின்ட்ஸைப் பெயர்த்தெடுத்து, வேகமாகக் கடக்கக்கூடியதைப் போட்டார்கள். கடைசி நிலையத்தில் இன்னொரு ஏற்பாடும் உண்டு: வந்த ஓட்டுநர் இறங்கி மறுமுனைக்கு நடக்க வேண்டியதில்லை, முந்தைய ரயிலில் வந்தவர் மறுமுனையில் தயாராக நின்று ஏறிக்கொள்வார்.

கேள்வி: இரண்டையும் ஒன்றாகச் செய்த ஊர் உண்டா? – வாசகர், கோவை

பதில்: லண்டனின் ஜூபிலி தடம்; அடுத்தடுத்து செய்தார்கள். 2005 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தடத்தை மூடி ஆறு பெட்டியை ஏழாக்கினார்கள்: ஆறில் ஒரு பங்கு, அதாவது 17 சதவீதம் கூடியது. சிக்னல் 2011-இல் முடிந்தது; மணிக்கு 24 ரயில் படிப்படியாக 30 ஆனது. இரண்டையும் பெருக்கினால் 46 சதவீதம் வரும். பெட்டி சேர்ப்பு சில நாள் மூடலோடு முடிந்தது. சிக்னலுக்கோ வார இறுதி மூடல்கள் வருடக்கணக்கில் நீண்டன. ஓடுகிற தடத்தில், இரவு மூன்று நான்கு மணி நேர இடைவெளியில் பழையதைக் கழற்றாமல் புதியதைப் பொருத்திச் சோதித்து, விடியுமுன் பழையதற்கே திரும்ப வேண்டும். தாமதம் இங்கேதான் பிறக்கிறது.

கேள்வி: 2017-இல் சிங்கப்பூரின் ஜூ கூன் நிலையத்தில் இரண்டு ரயில்கள் மோதியதற்குப் புது சிக்னல்தானே காரணம்? – வாசகி, ஜூரோங் ஈஸ்ட்

பதில்: புதியதும் பழையதும் ஒட்டி இருந்த இடத்தில் வந்த வினை அது. கிழக்கு–மேற்குத் தடத்தின் துவாஸ் வெஸ்ட் நீட்டிப்பு புது சிக்னலில் ஓடியது, மீதித் தடம் பழையதில். 15 நவம்பர் 2017 காலை, பழுதான ஒரு சிக்னல் சர்க்யூட்டைக் கடந்தபோது முன் ரயிலுக்கு இருந்த மென்பொருள் பாதுகாப்பு நீங்கிவிட்டது. ஆறு பெட்டி ரயிலை அமைப்பு மூன்று பெட்டியாக எடுத்துக்கொண்டது. பின்னால் சுமார் 10 மீட்டர் தள்ளி நின்ற ரயில், முன்னே இடம் இருக்கிறது என்று நகர்ந்து, மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் மோதியது. பலர் காயமடைந்தனர்.

ரயிலோடு சேர்ந்து பாதுகாப்பு இடைவெளியும் நகரும் இந்தப் புதிய முறையில் ரயிலின் தலை எங்கே என்பதோடு அதன் நீளமும் சரியாகத் தெரிந்தாக வேண்டும். நீளம் தவறினால் வால் எங்கே என்ற கணக்கும் தவறும். நான்கும் ஆறும் கலந்து ஓடும் தடத்தில் இந்தச் சோதனையைப் பத்து முறை செய்தாலும் தகும். அந்த விபத்துக்குப் பிறகு இரண்டு சிக்னல்களும் ஒரே ஓட்டத்தில் கலக்காதபடி ஜூ கூனுக்கும் அடுத்த நிலையமான கல் சர்க்கிளுக்கும் இடையே சேவையைத் துண்டித்தார்கள். 2018 மே மாதம் கிழக்கு–மேற்குத் தடம் முழுவதும் புதியதற்கு மாறிய பிறகே இணைத்தார்கள்.

கேள்வி: சிங்கப்பூரின் சர்க்கிள் லைனில் மூன்று பெட்டிதான். கூட்ட முடியாதா? – வாசகர், பீஷான்

பதில்: முடியாது. நிலையங்களே மூன்று பெட்டிக்குத் தோண்டியவை, அதற்கேற்ற தடுப்புக் கதவுகளோடு. அங்கே அடிக்கடி விடுவது ஒன்றே வழி. செங்காங்கில் ஓடும் எல்ஆர்டி (சிறிய இலகு ரயில்) ஒரு பெட்டியிலிருந்து 2016-இல் இரண்டானது என்றால், நடைமேடை முன்பே இரண்டுக்கு இருந்தது.

கேள்வி: மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்கிறார்கள். ஒரு ரயில் பிதுங்கி வழிகிறது, அடுத்தது காலியாக வருகிறது. எப்படி? – வாசகி, நந்தனம்

பதில்: ஒரு ரயில் ஒரு நிமிடம் பிந்தினால் நடைமேடையில் மூன்று நிமிடக் கூட்டத்துக்குப் பதில் நான்கு நிமிடக் கூட்டம் சேரும். அதை ஏற்ற இன்னும் நேரம் பிடிக்கும். அடுத்த நிலையத்தில் இன்னும் பிந்தும். பின்னால் நேரத்துக்கு வரும் ரயிலுக்குக் கிடைப்பது இரண்டு நிமிடக் கூட்டமே. சராசரி இடைவெளி மூன்று நிமிடம்தான், ஆனால் பயணிகளில் பெரும்பாலோர் ஏறுவது அந்தப் பிதுங்கும் ரயிலில். புது சிக்னலின் பெரிய நன்மை இங்கேதான் என்பது எங்கள் எண்ணம்: கட்டுப்பாட்டு அறை, பிந்திய ரயிலுக்கு முன்னால் போகும் ரயிலைச் சில நொடி பிடித்து வைத்து, பிந்தியதை வேகப்படுத்தி இடைவெளியைச் சமன் செய்ய முடியும்.

பயணிகள் பக்கமும் வேலை இருக்கிறது. நெரிசல் இல்லாத கதவில் நொடிக்கு ஒருவர் ஏறலாம் இறங்கலாம் என்பது பொதுவான கணக்கு. 30 பேர் ஒரே கதவில், பக்கத்துக் கதவில் 10 பேர் என்றால் ரயில் நிற்பது 30 நொடி. பரவி நின்றால் 20. எஸ்கலேட்டர் இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே உள்ள கதவுதான் எப்போதும் அடைபடும். இரண்டு கதவு தள்ளி நில்லுங்கள். இறங்குபவர்களுக்குக் கதவின் நடுப்பகுதியை விட்டு ஓரமாக நில்லுங்கள். மூடும் கதவில் பையை நுழைத்தால் அது திறந்து மறுபடி மூட ஐந்து பத்து நொடி போகும். 100 நொடி இடைவெளியில் ஈடுகட்ட வைத்திருப்பது 15 நொடி. இரண்டு பைகளில் அது தீர்ந்துவிடும்.