‘பத்து நாள்ல காலி பண்ணுங்க’ என்றால் போய்விட வேண்டுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு லைன் வீட்டில் சில வருஷமாகக் குடியிருக்கிறோம். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, கணவர் சாயப்பட்டறையில். வாடகை 5,500 ரூபாய், அட்வான்ஸ் 40,000. அக்ரிமெண்ட் போடவில்லை. வாடகையைக் கையில்தான் கொடுப்போம், ரசீது கிடையாது. திடீரென்று 7,500 கேட்டார் ஓனர். முடியாது என்றதும், “பத்து நாள்ல சாமானத்தை எடுத்துப் போட்டுக் காலி பண்ணீருங்க” என்று சொல்லிவிட்டார். இந்த மாத வாடகையை வாங்க மறுக்கிறார். போர் தண்ணீரை எங்கள் வீட்டுக்கு மட்டும் விடுவதில்லை. அட்வான்ஸில் பெயிண்ட் அடிக்க 15,000 பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தருவாராம். நாங்கள் என்ன செய்வது?

பதில்: பத்து நாளில் நீங்கள் போக வேண்டியதில்லை, சகோதரி. அதை முதலில் மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அக்ரிமெண்ட் இல்லை, ரசீது இல்லை என்பதால் உங்களைக் கையைப் பிடித்து வெளியேற்றும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. நகரப் பகுதியில் வாடகைதாரரைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் வாடகை நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. ஓனருக்கும் இல்லை, ஊர்ப் பெரியவருக்கும் இல்லை, போலீசுக்கும் இல்லை.

இன்றே செய்ய வேண்டிய வேலை வாடகை பற்றியது. ‘அவர்தானே வாங்க மாட்டேன்கிறார்’ என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். நல்ல வழக்குகளைப் பாழாக்குவது பெரும்பாலும் இந்த மௌனம்தான். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸ் வந்த பிறகும் கட்டவில்லை என்றால் அதுவே உங்களை வெளியேற்றச் சட்டப்படியான காரணமாகிவிடும். வாங்க மறுத்துவிட்டு, பிறகு ‘பாக்கி வைத்திருக்கிறார்கள்’ என்று மனு போடுவது பழைய தந்திரம். ஓனரின் வங்கிக் கணக்கோ ஜிபே எண்ணோ தெரிந்தால், பழைய வாடகை 5,500ஐ இன்றே அனுப்பி, எந்த மாத வாடகை என்று குறிப்பில் எழுதுங்கள். தெரியாவிட்டால் தபால் நிலையத்தில் மணியார்டர் செய்யுங்கள். அதை அவர் வாங்காமல் திருப்பினால், ‘பெற மறுத்தார்’ என்ற தபால்காரரின் குறிப்பு உங்களுக்கு ரசீதைவிடப் பலமான சான்று. பிறகும் வாங்கவில்லை என்றால் ‘வாடகை அதிகார அமைப்பு’ எனப்படும் வருவாய்த் துறை அதிகாரியிடம் மனு கொடுத்து அங்கேயே தொகையைக் கட்டலாம். சட்டத்தின் 14ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது.

எந்தச் சட்டம் என்றால், வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இது நீக்கிவிட்டது. இன்னும் பலர் பழைய சட்டத்தை வைத்தே ஆலோசனை சொல்கிறார்கள், டீக்கடையில் மட்டுமல்ல. புதிய சட்டத்தில் வாடகை அதிகார அமைப்பு என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வருவாய்த் துறை அதிகாரி. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் உங்கள் பகுதிக்கு யார் என்று சொல்வார்கள்.

தண்ணீர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் தெளிவாக நிற்கிறது. தண்ணீர், மின்சாரம், படிக்கட்டு மற்றும் நடைபாதை விளக்குகள், கழிவுநீர் வசதி இவற்றை அத்தியாவசியச் சேவைகள் என்கிறது 20ஆவது பிரிவு. அவற்றை ஓனர் தானாகவும் நிறுத்தக் கூடாது, ஆள் வைத்தும் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாடகை அதிகார அமைப்பிடம் மனு கொடுக்கலாம். முழு விசாரணை முடிவதற்கு முன்பே, உடனே திரும்பக் கொடுக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. மனுவை நீட்டி முழக்க வேண்டாம். ‘இன்ன தேதி முதல் எங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் போர் தண்ணீர் வரவில்லை, அதே லைனில் மற்ற வீடுகளுக்கு வருகிறது, காலை இத்தனை மணிக்கும் மாலை இத்தனை மணிக்கும் எடுத்த வீடியோ இணைத்துள்ளேன், இந்த மாத வாடகை மணியார்டரில் அனுப்பிய ரசீது இணைத்துள்ளேன்’ என்று எழுதினால் போதும். வீடியோவில் முதலில் உங்கள் குழாயைத் திறந்து காட்டி, கேமராவை நிறுத்தாமல் அப்படியே பக்கத்து வீட்டுக் குழாய்க்கு நடந்து போங்கள். வெட்டி ஒட்டிய வீடியோவை எதிர்த்தரப்பு முதல் கேள்வியிலேயே உடைத்துவிடும். பதிவு செய்த போனை விற்காதீர்கள், மாற்றாதீர்கள். மின்னணுச் சான்றுகளுக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு அந்தக் கருவி உங்களிடம் இருப்பது நல்லது.

சான்றே இல்லையே என்று தளர வேண்டாம். பெரும்பாலான வீடுகளில் தேடினால் கிடைக்கும். அந்த முகவரியில் உள்ள ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் புத்தகம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, கம்பெனி அடையாள அட்டை எல்லாம் எடுத்து வையுங்கள். ஓனர் அனுப்பிய வாட்ஸ்அப்பில் ‘வாடகை எங்க’ என்று ஒரு வரி இருந்தாலே, நீங்கள் அவருடைய வாடகைதாரர் என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி. அட்வான்ஸ் கொடுத்தபோது கூட இருந்தவர் யார், அந்தப் பணத்தை எந்தச் சீட்டிலிருந்தோ எந்த நகையை அடமானம் வைத்தோ எடுத்தீர்கள் என்பதையும் யோசியுங்கள். நகைக்கடன் ரசீதின் தேதியும் குடிவந்த தேதியும் பொருந்தினால் அதற்கும் மதிப்பு உண்டு.

வாடகை உயர்வு பற்றி: எழுத்தில் காலவரை போட்ட ஒப்பந்தம் இருந்தால், அந்தக் காலத்துக்குள் ஒப்பந்தத்தில் சொல்லாத உயர்வைக் கேட்க முடியாது. உங்களிடம் எழுத்தே இல்லை என்பதால் இந்தப் பாதுகாப்பு பலவீனம். வாடகையில் தகராறு வந்தால் தீர்மானிக்கச் சொல்லி வாடகை அதிகார அமைப்பிடம் போகலாம்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். புதிய சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். ஒப்பந்தம் போடத் தவறியதையே காரணமாகக் காட்டி, 21ஆவது பிரிவில் காலி செய்யச் சொல்லி ஓனர் வாடகை நீதிமன்றத்துக்குப் போக முடியும். சொந்தத் தேவைக்கு வேண்டும் என்றும் மனு போட முடியும். ஆகவே சட்டம் உங்களுக்குத் தருவது அந்த வீட்டில் நிரந்தர இடம் அல்ல. முறையான நோட்டீஸ், உங்கள் தரப்பைச் சொல்ல ஒரு மேடை, வேறு வீடு பார்க்க மூச்சுவிடும் நேரம், அட்வான்ஸை முழுதாக வாங்கும் பலம், இவை கிடைக்கும். பிள்ளையின் பள்ளி ஆண்டு முடியும் வரை அவகாசம் வேண்டும் என்று எழுத்தில் கேட்டு ஒரு தேதியை ஒத்துக்கொள்ளவைப்பது பல குடும்பங்களுக்கு வழக்கில் ஜெயிப்பதைவிட உதவும் என்பது என் எண்ணம். ஒரே காம்பவுண்டில் தினமும் முகம் பார்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் வழக்கு நடத்துவது உங்கள் தூக்கத்தைத் தின்றுவிடும்.

இன்றைக்கும் ஒப்பந்தம் போட முயற்சி செய்யலாம். ‘எழுதிப் பதிவு செய்து கொள்வோம்’ என்று ஓனருக்கு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அவர் வர மறுத்தால், வாடகைதாரர் தனியாகவும் விவரங்களைத் தாக்கல் செய்ய 4ஆவது பிரிவு வழி விடுகிறது. ஒப்பந்தம் இல்லாமல் போனது உங்கள் தவறால் அல்ல என்று நாளை சொல்ல அந்தக் கடிதம் உதவும். பதினோரு மாத அக்ரிமெண்டை 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி பீரோவில் வைத்தால் போதும் என்ற பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளரிடம் பதிவதும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவதும் வேறு வேறு. பதினோரு மாதம் என்றாலும் இரண்டாவது பதிவு வேண்டும்.

அட்வான்ஸுக்கு வருவோம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது 11ஆவது பிரிவு. உங்கள் வாடகைக்கு அது 16,500 ரூபாய்தான். காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, திருப்பித் தர வேண்டும். பெயிண்ட் நியாயமான பிடித்தமா? ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் பொறுப்பு என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே சொல்கிறது. கட்டட அமைப்பில் வரும் பழுதும், வயரிங், பைப்லைன் மாற்றுவதும் அவர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், ஜன்னல் கண்ணாடி, சமையலறையில் பொருத்திய சாமான்கள் இவை உங்கள் பொறுப்பு. நீங்கள் உடைத்ததை நீங்கள்தான் சரிசெய்ய வேண்டும். சுவர் வருஷக்கணக்கில் மங்கிப்போனதற்கு 15,000 பிடிக்க முடியாது. காலி செய்யும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து, சப்-மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து, சாவியை ஒப்படைத்ததற்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். போடமாட்டேன் என்றால் ‘இன்று மாலை ஆறு மணிக்கு சாவி உங்களிடம் கொடுத்தேன்’ என்று அங்கிருந்தே அவருக்கு வாட்ஸ்அப்பில் போடுங்கள்.

பூட்டுப் போட்டுவிட்டாலோ சாமானை வெளியே எறிந்தாலோ விஷயம் வேறு. காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். ‘இது சிவில் மேட்டரும்மா’ என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வாடகைத் தகராறு சிவில்தான். ஆனால் வழிமறிப்பதும், வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதும், மிரட்டுவதும் இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 126, 329, 351 பிரிவுகளில் வரும் குற்றங்கள். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நகராதீர்கள். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் சிவில் நீதிமன்றத்தில் வீட்டின் கைவசத்தைத் திரும்பக் கேட்கலாம் என்கிறது 1963ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6ஆவது பிரிவு.

உங்கள் வீடு மாநகராட்சிக்குள் இருக்கிறது என்று வைத்துத்தான் இவ்வளவும் எழுதினேன். இந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளுக்கு உரியது. ஊராட்சி எல்லையில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம்தான் பேசும். மாத வாடகைக் குடியிருப்புக்குக் குறைந்தது 15 நாள் எழுத்து நோட்டீஸ் வேண்டும், அதன் பிறகும் சிவில் நீதிமன்ற வழியாகத்தான் வெளியேற்ற முடியும். வீட்டுவரி ரசீதில் எந்த உள்ளாட்சி என்று பாருங்கள். மில் குவார்ட்டர்ஸில் வேலைக்காக இருப்பவர்களுக்கும், கோயில் சொத்தில் இருக்கும் வீடுகளுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது. வாடகையே இல்லாமல் லட்சக்கணக்கில் மொத்தமாகக் கொடுத்து ‘லீசுக்கு’ இருப்பவர்கள் தனி வகை. அது போக்கியம் என்றால் பதிவு செய்யாத தாளை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வக்கீல் செலவுக்கு எங்கே போவது என்று தயங்குகிறவர்கள் அதிகம். நீங்கள் பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி இலவச வக்கீல் கிடைக்கும். தொழிற்சாலைத் தொழிலாளி என்ற வகையிலும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் வெள்ளைத்தாளில் மனு கொடுங்கள், அல்லது 15100 எண்ணில் கேளுங்கள். வழக்குப் போடுவதற்கு முன்பே இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசச் சொல்லியும் அங்கே கேட்கலாம். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) முடியும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அட்வான்ஸ் 40,000 இன்ன தேதிக்குள் வந்துவிடும், நீங்கள் இன்ன தேதியில் சாவி தருவீர்கள், அதுவரை தண்ணீர் வரும் என்று மூன்றையும் ஒரே உத்தரவில் எழுதி வாங்கச் சொல்லுங்கள். மணியார்டர் ரசீதை மறக்காமல் அந்த மனுவோடு வையுங்கள்.