கிட்னி மாற்றிய பிறகு பட்டறை வேலைக்குப் போகலாமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது, கொலுசுப் பட்டறையில் வேலை. என் மாமியார் கிட்னி கொடுத்து ஏழு மாதம் ஆகிறது, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரத்த அளவும் ஏறாமல் 1.2-லேயே நிற்கிறது. டயாலிசிஸ் தொல்லை ஒழிந்தும் மனிதர் கலகலப்பாக இல்லை. கை நடுங்குகிறது, வளையம் கோர்க்க வரவில்லை என்கிறார். வீட்டிலும் யாரும் அவரை வெளியே விடுவதில்லை. இனி வேலைக்கே போக முடியாதா?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: போகலாம் சகோதரி, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அனுப்பி வையுங்கள். கூட்டம், தொற்று என்று ரொம்பவும் பயந்து இருக்க வேண்டியது முதல் சில மாதங்கள்தான். வீட்டிலேயே உட்கார வைப்பதற்கா அந்த அம்மா கிட்னியைக் கொடுத்தார்?

கை நடுக்கத்துக்குப் பெரும்பாலும், புதுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமல் இருக்கப் போடுகிற டாக்ரோலிமஸ் மாத்திரைதான் காரணம். ரத்தத்தில் அதன் அளவு கூடினால் நடுக்கமும் கூடும், போகப் போக டாக்டர் மாத்திரையைக் குறைக்கும்போது பலருக்கு அடங்கிவிடும். அளவு பார்க்கப் போகிற அன்று காலை மாத்திரையைப் போடாமல் போய், ரத்தம் கொடுத்த கையோடு போடச் சொல்லுங்கள், முன்னாலேயே போட்டுவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். டாக்டரிடம் கை நடுங்குகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், சின்ன வளையத்தைக் கோர்க்க முடியவில்லை, அதுதான் என் பிழைப்பு என்று விளக்கமாகச் சொல்லட்டும். ஆனால் நடுக்கத்துக்குப் பயந்து தானாக மாத்திரையைக் குறைப்பதோ நேரம் தப்பிப் போடுவதோ கூடவே கூடாது. உடம்பு அந்தக் கிட்னியை இன்னும் வேற்றாளாகத்தான் பார்க்கிறது, மாத்திரைதான் அந்த எதிர்ப்பை அடக்கி வைத்திருக்கிறது. உடம்பு எதிர்க்க ஆரம்பித்தால் பல பேருக்கு வலிகூடத் தெரியாது, கிரியேட்டினின் ஏறிய பிறகுதான் தெரியவரும்.

பட்டறையில் நான் பயப்படுவது பொடி வைத்து ஊதுகிற இடத்துக்குத்தான். பற்றவைக்கிற பொடி சிலவற்றில் கேட்மியம் கலப்பதுண்டு, அந்தப் புகை கிட்னிக்கே நேர் எதிரி. மெருகு போடுகிற அமிலப் பக்கமும் வேண்டாம். கோர்ப்பது, எடை போடுவது, சரக்கு பார்ப்பது என்று காற்றோட்டமான இடத்தில் உட்காரட்டும், முதலாளியிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் எதற்கு? அப்புறம் தண்ணீர். டயாலிசிஸ் காலத்தில் அளந்து குடித்த பழக்கத்தில் இப்போதும் பலர் பயந்து பயந்துதான் குடிக்கிறார்கள். டாக்டர் சொன்ன அளவுக்கு ஒரு பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும்.

கலகலப்பு போனதற்கு ஸ்டீராய்டும் காரணமாக இருக்கலாம், அம்மாவை வெட்ட வைத்துவிட்டோமே என்கிற பாரமும் இருக்கலாம். இரண்டையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. கொடுத்தவருக்கும் வருஷா வருஷம் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்த்தாக வேண்டும். அடுத்த முறை மகனே கூட்டிக்கொண்டு போய் அவருக்கும் பரிசோதனை செய்து வரட்டும், அந்தப் பாரமும் கொஞ்சம் இறங்கும்.

கேள்வி: மாற்று ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் எஸ்டேட்டில் காய்க்கிற பம்பளிமாஸ், கமலா ஆரஞ்சு சாப்பிடலாமா? சேலம் போனால் தட்டுவடை செட்?
– வாசகர், ஏற்காடு

பதில்: பம்பளிமாஸைத் தொடவே தொடாதீர்கள். டாக்ரோலிமஸ் உடம்பில் சிதைவதை அது தடுத்து, ரத்தத்தில் அளவை ஏற்றிவிடும். கமலா ஆரஞ்சில் அந்தத் தொல்லை இல்லை, பொட்டாசியமும் சர்க்கரையும் சரியாக இருந்தால் சாப்பிடலாம். தட்டுவடை செட்டில் தட்டுவடையைவிட, நடுவில் வைக்கிற பச்சை பீட்ரூட், கேரட் துருவலும் வெளியிலேயே திறந்திருக்கிற சட்னியும்தான் பயம். வீட்டில் காயை நன்றாகக் கழுவி, தோல் சீவி, அப்போதே துருவி, சட்னியையும் அப்போதே அரைத்து, உப்பைக் குறைத்துச் செய்து சாப்பிடுங்கள். மாம்பழ சீசனில் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இதே மாத்திரைகளால் புதிதாகச் சர்க்கரை வருவதும் உண்டு.